ஒரு லாச்சி, இரண்டு கணக்கு

(சீசாவில் நடந்த புத்தாண்டு ஒன்றுகூடலில், சிறுகடை நடத்துவோருக்காக ஆற்றிய உரை)



இந்தச் சீசாவில் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கிற 'கந்தியேரி' கட்டடங்களை எல்லோருக்கும் தெரியும். அவை ஒருகாலத்தில் டூக்ரோ தளபாடத் தொழிற்சாலையாக இருந்தவை. எர்னெஸ்தோ பசிலே என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, அங்கே செய்த கதிரை மேசைகள் வில்லா இஜியா விடுதிக்குப் போயின. கப்பல்களுக்கும் தளபாடம் செய்தார்கள். பலேர்மோவிலே கெட்டிக்காரத் தச்சர்மார் முந்தியும் இருந்தவைதான். வித்தோரியோ டூக்ரோ அந்தக் கைத்திறனோடு வரைபடத்தையும் இயந்திரத்தையும் ஓடரையும் ஒரு ஒழுங்கில் சேர்த்தார். தொழில் நடத்துற திறன் எண்டு நான் சொல்லுறது அதைத்தான்.

என்ரை கதைக்கு வாறன். கடை திறந்த முதல் வருசம் காலமை ஏழுக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டினன். உழைப்பிலை குறையில்லை. ஆனால் லாச்சி ஒண்டுதான். அதுக்குள்ளையிருந்துதான் அரிசி தந்தவருக்குக் குடுத்தன், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினன், ஊருக்கு அனுப்பினன், சீட்டும் கட்டினன். மாத முடிவிலை வாடகைக்குக் காசில்லை.

ஒருநாள் மனிசி பிள்ளையின்ரை பழைய கொப்பியை எடுத்து நடுவிலை கோடு கீறினா. ஒருபக்கம் கடை, மற்றப்பக்கம் வீடு. மூண்டு கிழமையிலை விசயம் வெளிச்சது. சனம் கூட வாங்கிற சாமானிலை எங்களுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. கடனுக்குப் போனது மட்டும் இரண்டு மாத வாடகை! கடன் குடுக்காதேங்கோ எண்டு சொல்லமாட்டன். வந்த புதுசிலை எனக்கும் ஆக்கள் தந்தவை. ஆனால் எழுதாமல் குடுத்ததாலை இரண்டு சினேகிதர் இப்ப மற்றத் தெருவாலை போகினம்.

இன்னொன்று, ஈவா வரி. பொது வீதம் 22 சதவீதம். சாப்பாட்டுச் சாமான்கள் பலதுக்குக் குறைவு. அந்தக் காசு லாச்சிக்குள்ளை கிடந்தாலும் எங்கடை இல்லை. அதைத் தனியாக எடுத்து வையுங்கோ. கொமெர்சியலிஸ்தா எல்லாம் பார்ப்பார் எண்டு இருக்காதேங்கோ. நாங்கள் குடுக்கிற துண்டுகளை வைச்சுத்தானே அவரும் கணக்கு எழுதுறார்.

வரவையும் செலவையும் இரட்டைப் பதிவாக எழுதும் முறையை 1494இல் வெனிசில் அச்சான தன் கணித நூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்ற துறவி. அவர் கண்டுபிடித்ததல்ல, வெனிஸ் வியாபாரிகள் முன்பே பழகியது. அந்த நாட்டிலே இருந்துகொண்டு நாங்கள் கணக்கை மனதிலை வைச்சிருக்கிறம்.

கூட்டம் முடிய நானும் மனிசியும் பின்மேசையிலை இருப்பம். அந்தப் பழைய கொப்பியையும் கொண்டு வந்திருக்கிறம். வந்து பாருங்கோ.