கீர்த்தியை ஒப்பாத டால்ஸ்டாய்



உலகம் ஒருமுகமாகத் தம்மைக் கொண்டாடிய பின்னரும், அக்கொண்டாட்டத்துக்குக் காரணமான நூல்களை வீண் என்று வாய்விட்டுச் சொல்லிவந்த எழுத்தாளர் சிலர் உண்டு. அவர்களுள் தலையாயவராக நான் மதிக்கும் லியோ டால்ஸ்டாயைக் குறித்துப் பேசவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். புகழ்மொழி கேட்டவுடன் தகுதியின்மை கூறி விநயம் காட்டுவது நம் சம்பிரதாயம். அவையடக்கம் என்ற பெயரில் நம் காவியங்களிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அவையடக்கம் பாடுகிற புலவன் தன் காவியத்தை அரங்கேற்றவே வருகிறான். டால்ஸ்டாயோ அரங்கேறி முடிந்த காவியத்தை மேடையினின்றும் இறக்கிவிட முயன்றார்.

‘போரும் அமைதியும்’ 1869-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ருஷ்யாவின் படித்த வகுப்பார் அதை வியந்து போற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1871-இன் தொடக்கத்தில், தம் நண்பரான கவிஞர் ஃபெத்துக்கு எழுதிய கடிதத்தில், அத்தகைய சொற்பெருக்கான குப்பையை இனி ஒருபோதும் எழுதப்போவதில்லை என்பதில் தமக்கு எத்துணை மகிழ்ச்சி என்று அவர் தெரிவித்தார். இரண்டாண்டுகள் சென்றபின் ‘அன்னா கரீனினா’வைத் தொடங்கியவரும் அவரே, அது பத்திரிகையில் வெளிவரத் தொடங்கிய 1875-ஆம் ஆண்டிலேயே அதன்மீது சலிப்புற்று அதே நண்பரிடம் முறையிட்டவரும் அவரே.

இவற்றை ஒரு கலைஞனின் தற்காலிகச் சோர்வு என்று நாம் தள்ளிவிடக்கூடும். ஆனால் 1898-இல் முற்றுப்பெற்று வெளிவந்த ‘கலை என்றால் என்ன?’ என்னும் நூல் அதற்கு இடந்தரவில்லை. பிறருடைய படைப்புகளையெல்லாம் கடுமையாக நிறுத்துப் பார்த்த அந்நூலில், தம்முடைய கலைப்படைப்புகளையும் அவர் மோசமான கலையின் வரிசையிலேயே சேர்த்துவிட்டு, இரண்டே இரண்டு சிறுகதைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். ‘கடவுள் உண்மையைக் காண்கிறார், ஆனால் காத்திருக்கிறார்’ என்பது ஒன்று. ‘காக்கேசியக் கைதி’ என்பது மற்றொன்று. இரண்டும் 1872-ஆம் ஆண்டு, தம் ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்த அனுபவத்தோடு, அத்தகைய சிறுவர்களுக்கான பாடப்புத்தகத்தையொட்டி எழுதப்பட்டவை. அவர் கைக்கொண்ட அளவுகோல் யாது என்பதை இவ்விரு கதைகளே விளக்கிவிடுகின்றன. நிலத்தை உழுகிறவனுக்கு விளங்காத நூல், அவனுடைய உழைப்பை உண்டு ஓய்ந்திருப்பவர்களின் பொழுதுபோக்கு என்பது அவர் கொண்ட முடிவு. அந்த அளவுகோலை அயலார்மீது பிரயோகித்துவிட்டுத் தம்மை மட்டும் தப்பவிட அவருடைய மனச்சாட்சி இசையவில்லை. 1909-இல் ஒருவர் அவருடைய பெருநாவல்களைப் பாராட்டியபோது, எடிசனிடம் சென்று, நீர் நன்றாக நடனமாடுகிறீர் என்று மெச்சுவதைப் போன்றது இது என்று அவர் கூறியதாகக் குறிப்பு இருக்கிறது.

இந்த வைராக்கியத்தின் விலையை வேறொருவரும் கொடுக்க நேர்ந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். திருத்தங்கள் மண்டிய அந்த நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளை இரவெல்லாம் விழித்துப் பலமுறை படியெடுத்தவர் அவர் மனைவி சோபியா அம்மையார். கணவர் குப்பையென்று தள்ளியது அந்த அம்மையாரின் இளமைக் காலத்து உழைப்பையும்தான். அந்தக் குடும்பத்தின் பிற்காலத் துன்பங்களைப் படிக்கும்போதெல்லாம், தம் படைப்பை இகழும் உரிமை அதைப் படைத்தவருக்குக்கூட முழுமையாக உண்டா என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

கலையை அவர் உண்மையிலேயே துறந்துவிட்டாரா என்று கேட்பவர்களுக்கு ‘ஹாஜி முராத்’ இருக்கிறது. ஒரு காக்கேசிய வீரனின் கதையாகிய அந்த நூலை 1896 முதல் 1904 வரை திரும்பத் திரும்ப எழுதித் திருத்தினார். ஆயினும் தம் வாழ்நாளில் அதை அச்சேற்றவில்லை. 1912-இல்தான் அது வெளிவந்தது. எழுதாமல் இருக்க இயலாத சுபாவமும், எழுதியதைக் கொண்டு கீர்த்தி தேட ஒவ்வாத நெஞ்சமும் ஒரே மனிதரிடம் இவ்வாறு குடியிருந்தன என்பதே என் அபிப்பிராயம். அவருடைய நாவல்களைக் குறித்து அவர் அளித்த தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அத்தீர்ப்பை அளித்த நேர்மையையோ, தலைவணங்கி ஏற்கிறேன்.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. 1908-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ என்று அவர் எழுதிய நெடிய மடலில், திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து கருத்துகளை எடுத்தாண்டிருக்கிறார். அம்மடலைக் காந்தியடிகள் குஜராத்தியில் பெயர்த்து வெளியிட்டார். 1910-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகருக்கு அருகே, காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு ஏற்பட்ட பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரே சூட்டப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களுள் தமிழரும் கணிசமாக இருந்தனர். காந்தியடிகளே அங்குள்ள சிறுவர்களுக்குத் தமது சிறிதளவு தமிழறிவைக்கொண்டு பாடம் சொல்லித்தந்தார். இந்தச் செய்தி கடிதவழியாக ருஷ்யாவுக்கு எட்டியபோது முதியவர் தம் இறுதி மாதங்களில் இருந்தார். 1910 செப்டம்பரில் அவர் எழுதிய விரிவான மறுமொழியில், டிரான்ஸ்வாலில் நடைபெறும் அந்த வேலை அன்றைய உலகத்தின் செயல்களுள் மிக முக்கியமானது என்று மனமாரப் பாராட்டினார். அது தம் எழுத்தின் பலன் என்று ஒரு வார்த்தையும் சேர்க்காமல், அவர்கள் செய்யும் வேலை என்றே எழுதினார்.