கிணற்றுக்கும் வரவு செலவு உண்டு
(பெங்களூர்க் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டாங்கர்காரர் விலையை ஏற்றும்போதெல்லாம் சொல்வது ஒரே பதில்: “மழை இல்லை, போர் வற்றிவிட்டது.” 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் 6,000 லிட்டருக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள், 600 ரூபாய் என்று விலை கட்டியபோதும் இதையேதான் கேட்டோம். நகரத்தின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஏறக்குறையப் பாதி வற்றியதாக அப்போது அரசே ஒப்புக்கொண்டது. 2023-இல் மழை பொய்த்ததும் உண்மைதான். ஆனால் மழை ஒன்றுதான் காரணமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் காலடியில் இருப்பது ஏரி அல்ல. மேலே சில பத்து அடிக்கு மக்கிய பாறை. அதன் கீழே கெட்டிப் பாறை, அதில் விரிசல் உள்ள இடத்தில் மட்டும் தண்ணீர். நூறு குடம் கொள்ளும் இடத்தை மக்கிய பாறை அடைத்திருந்தால், அதிலிருந்து வடிந்து நமக்குக் கிடைப்பது மூன்று குடம். இது நானாகச் சொல்வதல்ல. 1984-இல் வகுத்து, 1997-இலும் 2015-இலும் திருத்திய அரசாங்க மதிப்பீட்டு முறையில் உள்ள விகிதம். களிமண் கூடுதலாக இருந்தால் ஒன்றரைக் குடம்தான். ஆகவே ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் போனது சுமார் 1,20,000 லிட்டர், அதாவது 20 டாங்கர்.

இனி வரவு. இங்கே சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். அதில் மண்ணுக்குள் இறங்குவது நூற்றுக்கு 11 பங்கு என்று கொண்டால், ஏக்கருக்கு 4,30,000 லிட்டர். எழுபது லோடு சொச்சம். அதுவும் திறந்த மண்ணாக இருந்தால். சிமெண்டு போட்ட இடத்தில் மழை சாக்கடைக்குப் போகிறது. குழாய் ஒழுக்கும் சாக்கடைக் கசிவும்கூட வரவில் சேரும். அந்த வரவைக் குடிக்க முடியாது.

நாளைக்குப் பத்து லோடு இறைக்கும் ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரின் ஓராண்டு மழை வரவு அதற்கு ஏழு நாளைக்குத்தான் காணும். ஆண்டு முழுதும் ஓட வேண்டுமானால் ஐம்பது ஏக்கரின் வரவு வேண்டும். அவர் பட்டாவில் ஐம்பது ஏக்கரா இருக்கிறது? மீதி, நம் தெருவுக்கு அடியிலிருந்தும் பக்கத்துக் கிணற்றிலிருந்தும் வருகிறது. அல்லது பழைய இருப்பிலிருந்து போகிறது. தன் நிலத்தின் கீழுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டு அனுபவ உரிமைச் சட்டம் நிலத்துக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. நிலமில்லாத குடித்தனக்காரனுக்கு அதில் இடமில்லை. 2011-ஆம் ஆண்டு கர்நாடக நிலத்தடி நீர்ச் சட்டம் கிணறுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. நம் வட்டாரத்து டாங்கர் போர்களில் எத்தனை பதிவானவை என்று எழுத்து மூலம் கேட்போம்.

நம் செலவையும் மறைக்கக் கூடாது. ஒரு ஏக்கரில் நெருக்கியடித்து நூறு குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர், தலைக்கு 50 லிட்டர் என்றாலே நாளைக்கு 25,000 லிட்டர். அந்த ஏக்கரின் மழை 17 நாளில் தீர்ந்துவிடும். ஆகையால் “இன்னொரு போர் போட்டுத் தருகிறோம்” என்று தேர்தல் நேரத்தில் வருகிறவர்களுக்கு நம் பதில் காவிரி இணைப்பு என்பதுதான். நாளைக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் நம் சந்துகளுக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

கேட்கப் போகும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். மழைக்கு முன் மே மாதத்திலும், மழை ஓய்ந்து நவம்பரிலும், பழைய திறந்த கிணறுகளில் நீர்மட்டத்தை அளப்போம். நாடாவில் சுண்ணக்கட்டி தடவி இறக்கினால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். அன்று காலை யாரும் இறைக்கக் கூடாது. ஆனால் மட்டம் ஏறிய அளவு மட்டும் வரவாகிவிடாது. மாலையில் பெட்டியில் மிஞ்சிய பணமா அன்றைய வசூல்? நடுவில் கொடுத்ததையும் கூட்ட வேண்டாமா? அதேபோல, அந்த மாதங்களில் இறைத்ததையும் சேர்க்க வேண்டும். இதற்கு, தெருமுனையில் எத்தனை டாங்கர் நிரம்பிப் போகிறது என்று குறிக்க ஆள் தேவை. பகலில் வீட்டில் இருக்கும் தாய்மார்கள்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். நோட்டுப் புத்தகங்களைச் சங்கம் தரும். தெருவுக்கு இருவர், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.