முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகுமா?



பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல், தலையிடி, வாந்தி; கழுத்தை மடக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறோம். "மூளை உறைக் காய்ச்சலோ தெரியாது, முதுகில் தண்ணி எடுக்கணும், கையெழுத்து வைங்க" என்கிறார் டொக்டர். அங்கேதான் நம்ம ஆட்கள் பின்வாங்குகிறோம். "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காமப் போயிரும்" என்று லயத்தில் யாரோ சொன்னது ஞாபகம் வந்துவிடும். சிலர் துண்டு வெட்டிக்கொண்டு வந்தேவிடுகிறார்கள்.

முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புத் தண்டு முடிகிற இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி இறங்கும். எடுப்பது சில மில்லிலீற்றர் தண்ணீர். பெரிய ஆளுக்கு அது சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கும். நாளைக்கு 500 அளவில் புதிதாய் ஊறும். பிறகு ஓரிரு நாள் தலையிடிக்கலாம்.

ஏன் எடுக்கிறார்கள்? பக்டீரியாவால் வந்தாலும் வைரசால் வந்தாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான். பக்டீரியா என்றால் ஒரே நாளில் உயிர் போகலாம். அதனால் முடிவு வருமுன்பே மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். தண்ணீர் கலங்கி, சீனி குறைந்திருந்தால் பக்டீரியா என்று சந்தேகம். தெளிவாய், சீனி சரியாய் இருந்தால் பெரும்பாலும் வைரசு.

எந்த வைரசு? அதற்குப் பீசீஆர் என்ற சோதனை இருக்கிறது. வைரசின் மரபுப்பொருள் துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு மாதிரியைக் குளிரில் வைத்து அனுப்புவார்கள். அதிகம் அகப்படுவது என்ரரோவைரசு. அநேகமாய்த் தானே மாறிவிடும். பக்டீரியா மருந்தை நிறுத்தலாம். ஹேர்பிஸ் வைரசு மூளைக்குள்ளேயே இறங்கியிருந்தால் அசைக்குளோவிர் உடனே ஏற்ற வேண்டும், தாமதித்தால் ஆபத்து.

லயத்துக்கும் இது முக்கியம். சிலவகைப் பக்டீரியா என்றால் கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். என்ரரோவைரசுக்கு மாத்திரை இல்லை. அது மலத்தாலும் கையாலும் பரவும், சவர்க்காரம்தான் வேலை செய்யும். பிள்ளையின் மலத்தையும் சோதனைக்குக் கேட்டால் சிரிக்காதீர்கள், அதில் அந்த வைரசு வாரக்கணக்கில் இருக்கும்.

இன்னொன்று. கூகைக்கட்டு போன்ற சில வைரசுகளுக்கு இரண்டு கிழமை கழித்து மறுபடி இரத்தம் கேட்பார்கள். முதல் இரத்தத்தைவிட எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடத்தான். "புள்ள நல்லா வெளையாடுது, அரைப்பேர் போயிரும்" என்று அந்த நாளை விட்டுவிட்டால், முதலில் எடுத்த இரத்தம் வீணாய்ப் போகலாம். கிளினிக் திகதியைக் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.