ஹெலனும் இரு சீதையரும்

ஹோமர் பெருங்கவிஞர் தம் இலியத் காவியத்தில் ஹெலனின் கண்ணையும் கூந்தலையும் விரித்துரைக்கப் புகவில்லை. திராய் நகரத்து மதில்மேல் அமர்ந்திருந்த முதியோர் அவள் வருவதைக் கண்டனர். இத்தகையாள் பொருட்டு இரு படையினரும் இத்தனை காலம் அல்லலுற்றதைக் குறைகூற இயலாதெனத் தம்முள் பேசிக்கொண்டனர். பேரழகைக் காட்ட அது போதுமானதாயிற்று. ஆனால் அந்த ஹெலன் பழியையும் சுமக்கிறாள். தன்னைத் தானே நொந்துகொள்கிறாள்.

பின்வந்தோர்க்கு இப்பழி உறுத்தியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டினரான ஸ்தெசிகோரஸ் என்னும் கவிஞர் ஹெலனை இகழ்ந்து பாடிக் கண்ணிழந்தார் என்றும், அவள் திராய்க்குச் செல்லவேயில்லை என மாற்றிப் பாடிய பின்னர்ப் பார்வை பெற்றார் என்றும் பழங்கதை உண்டு. கி.மு. 412-இல் யூரிப்பிடீஸ் இயற்றிய நாடகத்தில் உண்மை ஹெலன் எகிப்து நாட்டில் கற்போடு காத்திருக்கிறாள். திராய்க்குச் சென்றது தெய்வம் வனைந்த போலி உருவம். பழி நீங்கியது. எனினும் பத்தாண்டுப் போரும் ஒரு நிழலுக்காக நடந்ததாய் முடிந்தது!

இத்தகைய நிழல் நமக்குப் புதியதன்று. பாலக்காட்டுச் சமவெளியிலும் தேவிகுளம், பீருமேட்டு மலைத்தோட்டங்களிலும் வாழும் தமிழராகிய நாம், கர்க்கடக மாதத்தில் அண்டை வீட்டில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் ஓதப்படுவதைக் கேட்கிறோம். எழுத்தச்சன் தம் இறுதி நாட்களைக் கழித்த இடமெனப் போற்றப்படும் மடம் பாலக்காட்டைச் சார்ந்த சிற்றூரில்தான் உள்ளது. அவர் காட்டும் கதையில் இராவணன் வருமுன்னரே இராமன் சீதையைத் தீயினுள் மறைந்திருக்கப் பணிக்கிறான். கவர்ந்து செல்லப்படுவது மாயச் சீதை. இலக்குவனுக்கும் இம்மறை தெரியாது. அன்னையின் மேனியை அரக்கன் தீண்டினான் என்று எண்ணவும் பொறாத பக்தி அது. அதனை நாம் எளிதாகக் கருதலாகாது.

கம்பனும் அதனைப் பொறுத்தானல்லன். வான்மீகியின் இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். ஆயினும் சென்றவள் சீதையே. அசோகவனத்தில் வாடியதும் அவளே. வென்ற கணவன் சொன்ன கடுஞ்சொல்லைக் கேட்டுத் தீயிற் புகுந்ததும் அவளே. எழுத்தச்சனின் காப்பியத்தில் அச்சொல் ஒரு மாயையின்மேல் விழுகிறது. தீ உண்மைச் சீதையைத் திருப்பித் தரும் வாயிலாகிறது. கம்பனில் அச்சொல்லுக்குத் தப்ப வழியில்லை. அவளுடைய கற்பின் வெம்மையால் தீக்கடவுளே வெந்து துடிக்கிறான். கம்பனும் ஒரு மாயச் சீதையைப் படைத்திருக்கிறான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆனால் அவள் அனுமனை ஏமாற்ற இந்திரசித்து செய்த வஞ்சனை!

போலியைப் படைத்த கவிஞர் தலைவியின் பெயரைக் காத்தனர். அவள் பட்ட துயரை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டனர். கம்பன் மேனியைக் காத்து, துயரை அவளிடமே விட்டான். அதனாலேயே அவன் சீதை நமக்கு நெருங்கியவளாகிறாள் என்பது எம் துணிபு.

இவ்விரு சீதையரும் இன்றும் ஒரே மாவட்டத்தில் உலவுகின்றனர். பாலக்காட்டு மாவட்டத்துப் பகவதி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக்கூத்தில் பாடப்பெறுவன பெரும்பாலும் கம்பன் பாடல்களே. மலையாளம் பேசும் புலவர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து, சிற்சில மாற்றங்களுடன் பாடிப் பொருள் விரிக்கின்றனர். தாரிகனை வதைக்கச் சென்றிருந்த பத்திரகாளி இராமாயணப் போரைக் காண இயலவில்லையாம். அவள் காணவே இக்கூத்து என்பர். கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள் எரிகின்றன. வீடுகளில் ஓதப்படும் ஏட்டில் சீதை நிழல். இங்கே, மான்தோலால் ஆகிய பாவையின் நிழல் திரையில் அசைய, கம்பனின் உண்மைச் சீதை தமிழிலேயே அழுகிறாள். தை மாதம் முதல் சித்திரை வரை அப்பக்கம் செல்லும் நேயர்கள் ஓரிரவேனும் அம்மாடத்தின் முன் அமர்ந்து கேட்டு வரலாம். பெரும்பாலும் அங்கே கூட்டம் இராது, காளிக்காகவே பாடுகின்றனர்.