‘இயற்கை ஹார்மோன்’ வாங்கும் முன்
(குடியிருப்போர் சங்க மகளிர் கூட்டத்தில் பேசியது)



மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பெல்லாம் சூடேறும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். ‘வயசானா அப்படித்தான்’ என்று பலர் பொறுத்துக்கொள்கிறோம். சிலர் ‘இயற்கை ஹார்மோன்’ என்று விற்கும் கிரீமைத் தாங்களே வாங்கிப் பூசுகிறார்கள்.

காட்டுவள்ளிக் கிழங்கு வகைகளில் உள்ள டயோஸ்ஜெனினை ஆய்வகத்தில்தான் புரோஜெஸ்டிரோனாக மாற்ற முடியும். நம் உடம்பால் முடியாது. அதனால் கிழங்குச் சாறு கிரீமைப் பூசினால் ஹார்மோன் கிடைக்காது. சோயாவை உணவில் சேர்க்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது.

உடம்பில் சுரப்பது போலவே தயாரித்த ஈஸ்ட்ரோஜன், டாக்டர் சீட்டில் கிடைக்கிறது. அதுவும் மருந்துதான். கர்ப்பப்பை உள்ளவர்கள் அதை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். அதனால் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தருவார்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முக்கியமானது இது: மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: நடுராத்திரியில் ஃபேனைக் கூட்டி வைத்தால் கேலி செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள்.