மடிக்கு ஊரடங்கு உண்டா?
(உத்திரமேரூர் வட்டார மாடு வளர்ப்போரிடையே பேசியது)



2020 மார்ச் 25ந் தேதி ஊரடங்கு வந்தது. டீக்கடைகளும் ஓட்டல்களும் மூடின. மாட்டின் மடியை மூட முடியுமா? காலையும் மாலையும் கறந்தே தீரவேண்டும்! "பால் தேங்குகிறது" என்று தனியார் பால் முதலாளிகள் விலையைக் குறைத்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பசும்பாலுக்கு அப்போது லிட்டர் 32 ரூபாய். சங்கத்தில் சேராதவர் கதி?

நாம் புண்ணாக்கைக் குறைத்தோம். சினை ஊசியைத் தள்ளிப்போட்டோம். சந்தையும் இல்லை, மாட்டை விற்க. தீவனம் குறைந்து வற்றிய மடி அந்த ஈற்றில் பழையபடி சுரக்காது. பருவம் தவறினால் மறுபடி 21 நாள். சினை பிடித்த பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல். கடைகள் திறந்தபோது நம் தொழுவத்தில் பால் இல்லை! இந்த நஷ்டத்தைச் சர்க்கார் எந்தக் கணக்கில் எழுதியது?

நெருக்கடி நாளில் எல்லோர் பாலையும் சங்கமே ஒரே விலைக்கு எடுக்க வேண்டும். தீவனம் கடனாகத் தர வேண்டும்.