அப்பளம் பொரிகிற சத்தம்

கிரில் கேட் பட்டறைகளில் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து வெல்டிங் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். விசையை அழுத்தினால் சுருளிலிருந்து கம்பி தானாக வரும். மிக் வெல்டிங் என்று பெயர்.

சுருளை மாட்டுவதே ஒரு வித்தை. நுனியைப் பிடிக்காமல் விட்டால் மொத்தமும் கடிகார ஸ்பிரிங் மாதிரி அவிழ்ந்துகொள்ளும். அப்புறம் சிக்கெடுப்பதாவது! வெட்டி எறிய வேண்டியதுதான். கம்பியைத் தள்ளும் உருளையை அளவாக முடுக்க வேண்டும். இறுக்கினால் நசுங்கும், தளர்ந்தால் வழுக்கும். 0.8 மி.மீ. கம்பிக்குத் துப்பாக்கியில் 0.8 முனைதான் போட வேண்டும். பற்றைக் காற்றுப் படாமல் காக்கிற காஸ், பட்டறைக்குள் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். புழுக்கமாயிருக்கிறதே என்று பக்கத்தில் ஃபேனைப் போட்டீர்களோ, காஸ் பறந்துபோய் பற்றெல்லாம் பொத்தல் பொத்தலாகிவிடும்.

எல்லாம் சரியா என்று காதுதான் சொல்லும். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சீராகச் சடசடக்க வேண்டும். கம்பி துப்பாக்கியைப் பின்னால் தள்ளி இடித்தால், வேகத்தைக் குறையுங்கள்.

ஜி.ஐ. குழாய் என்றால் உஷார். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகை வெளியேறுகிற இடத்தில் வேலை செய்யுங்கள். நைலான் சட்டை வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும்.

வெல்டருக்கு முகமூடி இருக்கிறது. வாசலில் வேடிக்கை பார்க்கிற பையனுக்கு? வெல்டிங் வெளிச்சம் பட்டு, நடுராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் அவனுக்கு உறுத்தும். ஒரு தகரத் தடுப்பை நிறுத்திவிட்டு விசையில் கை வையுங்கள்.